செல்லாயியின் மேல் நான்கு நாள்

கணக்கு டீச்சர் ஸ்ரீமதி மே மாத லீவில் கொடைக்கானல் மலையில் நாலு நாள் குதிரைச் சவாரி போகப் போகிறாள் என்று தெரிந்ததும், டீ குடித்துக்கொண்டிருந்த தில்லையம்மாள் டீச்சருக்குப் புரையேறிவிட்டது. ஏறாதா பின்னே? திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில், மாடி வகுப்புக்குப் போக பெல் அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே கிளம்புகிறவள் ஸ்ரீமதி. இரண்டு வயசில் வந்த இளம்பிள்ளை வாதம் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. தொடையிலிருந்து பாதம் வரைக்கும் இரும்புக் கம்பியும் தோல் வாருமாக ஒரு காலிபர். அதை மாட்டி, மேலே புடவையைத் தழையத் தழையக் கட்டிக்கொண்டு சிதம்பரம் கனகசபை நகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். வயசு நாற்பத்தொன்று.

பள்ளிக்கூடத்து டூர் என்றால் ஸ்ரீமதி டீச்சருக்கு எப்போதும் ஒரே வேலைதான். செஞ்சிக் கோட்டைக்குப் போனாலும் சரி, மலைக்கோட்டைக்குப் போனாலும் சரி, அடிவாரத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து எல்லாருடைய பையையும் பார்த்துக்கொள்வது. பத்தொன்பது வருஷம்! "டீச்சர் இருக்காங்க, பை பத்திரமா இருக்கும்" என்று பிள்ளைகள் குஷியாக ஓடும். அவளும் சிரித்துக்கொண்டே கையாட்டுவாள். உள்ளே பற்றிக்கொண்டு எரியும்.

இந்தக் குதிரைப் பைத்தியம் பிடித்தது கடலூர் சில்வர் பீச்சில். அந்த வருஷம், 2010 பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கண்ணாயிரம் என்கிற குதிரைக்காரர் குழந்தைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். என்ன தோன்றியதோ, "என்னை ஏத்துவீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவர் அவள் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "ஏத்தாம இன்னா மேடம்? ஆனையவே ஏத்துவேன்" என்று சொல்லிவிட்டுக் குதிரையைச் சிமென்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் பெஞ்சிலிருந்து சேணத்தின் மேல் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். பிறகு தன் வலது காலைத் தன் கையாலேயே தூக்கி, குதிரையின் கழுத்துக்கு மேலாக அந்தப் பக்கம் போட்டாள். குனிந்து பார்த்தாள். இரண்டு காலும் ஒரே உயரத்தில் தொங்கின. அவள் அறிந்து இப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அழுகை வந்துவிட்டது, வெட்கம் கெட்ட அழுகை.

அப்புறம் விடுவாளா? ஞாயிறு தவறாமல் மூன்று மாதம். கண்ணாயிரம் வலது பக்க மிதிவளையத்தை அவள் காலின் நீளத்துக்குச் சுருக்கிக் கட்டிக் கொடுத்தார். கால் செய்ய வேண்டியதை இடுப்பால் செய்யக் கற்றுக்கொண்டாள். வீட்டில் கணவர் செந்தமிழ்செல்வன், பாவம், நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை வரும் சொல் "பாத்து, விழுந்துடுவ." பாத்ரூம் போனாலும் பாத்து, பால்காரனுக்குக் கதவு திறந்தாலும் பாத்து. "குதிரையா? ஸ்ரீ, உனக்கு இன்னா ஆச்சி?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

உடற்பயிற்சி டீச்சர் பிரிசில்லாதான் கொடைக்கானல் ஏற்பாட்டைப் பிடித்தவள். நாலு பேர் போவதாக முடிவாயிற்று. பிரிசில்லா, ஸ்ரீமதி, தமிழ் டீச்சர் வெண்மதி, அப்புறம் புரையேறி முடித்ததும் "நானும் வரேண்டி" என்று கிளம்பிய தில்லையம்மாள், ஐம்பத்தாறு வயசில். மலையிலிருந்து விண்ணப்பப் படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி: நடப்பதில் சிரமம் உண்டா? ஸ்ரீமதி முத்து முத்தான கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. பழக்கம். அவள் வீட்டில் அந்தக் காலைப் பற்றி வெளியாளிடம் பேசுவதே கிடையாது. போட்டோ என்றால் உட்கார்ந்த போட்டோதான். பெண் பார்க்க வந்தபோது, அவர்கள் தெருமுனைக்கு வரும் முன்பே பாயில் உட்கார வைத்துவிட்டு, அவர்கள் கிளம்பிப் போன பிறகுதான் எழுப்பினாள் அவள் அம்மா. பள்ளிக்கூட ஃபாரம், வேலைக்கு ஃபாரம், எங்கே கேட்டாலும் முதலில் 'இல்லை' எழுது, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கை அப்படியே எழுதிவிட்டது.

கொடைக்கானலுக்குப் போன முதல் நாளே குட்டு உடைந்தது. சவாரி நடத்தும் அந்தோணிசாமி ஆறடி ஆள், கம்பளிக் குல்லாய், பேச்சு கறார். பெஞ்சில் உட்காருவதற்காக ஸ்ரீமதி முட்டியில் காலிபரின் பூட்டை விடுவித்தபோது 'டக்' என்று கேட்டது.

"அது என்ன சத்தம், டீச்சர்?"

ஸ்ரீமதி சுடிதாரின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். அந்தோணிசாமியின் முகம் சிவந்துவிட்டது.

"இல்லைன்னு எழுதியிருக்கீங்களே! இது மலைங்க. நீங்க விழுந்தா நாந்தானே பதில் சொல்லணும்?"

"பொய்தான் எழுதினேன், தப்புதான்" என்றாள் ஸ்ரீமதி. ஆனாலும் விடவில்லை. "டெஸ்ட் வைங்க சார். ஃபெயிலானா நானே பஸ் ஏறிப் போறேன்."

செல்லாயி என்ற பழுப்பு நிறக் குதிரையைக் கொண்டுவந்தார்கள். மைதானத்தை மூன்று சுற்று, நின்று திரும்பி ஒரு ஓட்டம், சரிவில் ஏறி இறங்கி ஒரு வட்டம். அந்தோணிசாமி குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உக்காருறதுல உங்க நாலு பேர்ல இவுகதான் ஒழுங்கு" என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "நாலாம் நாள் ஒரு இறக்கம் வருது. அரைக் கிலோமீட்டர், நட்டுக்குத்தலா எறங்கும். அங்க ஆளோட குதிரையை நான் எறக்க மாட்டேன். யாரா இருந்தாலும் எறங்கி நடக்கணும். நடக்க முடியாதவுகளுக்கு மேல ரோட்டுல ஜீப் நிக்கும். ஏறிச் சுத்திக்கிட்டு ஊர் போய்ச் சேரலாம். சம்மதமா?"

"பாத்துக்கலாம் சார்" என்றாள் ஸ்ரீமதி. ஜீப்பில் ஏறுவதாக அவள் சொல்லவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

எப்படிப்பட்ட மூன்று நாள் அது! பைன் மரக் காட்டுக்குள் சத்தமே இல்லாமல் போனார்கள். பூம்பாறைப் பக்கம் படிப்படியாகக் கிடந்த பூண்டு வயல்களை மேலே இருந்து பார்த்தார்கள். மேகம் வந்து குதிரையின் காதை மறைத்துவிட்டுப் போயிற்று. எத்தனை வருஷம் யாரோ சொல்லக் கேட்டுத் தலையாட்டிய காட்சிகள்! இப்போது அவளே கையை நீட்டி "அங்க பாருங்கடி" என்று காட்டினாள். காலிபரைக் கழற்றிச் சேணப் பைக்குள் போட்டுவிட்டாள். அதற்குக் குதிரை மேல் என்ன வேலை?

இரண்டாம் நாள் காலையில்தான் பெரிய கூத்து. தொடை உரசி, இடுப்பு பிடித்து, மூன்று டீச்சர்களும் காலை அகட்டி அகட்டி நொண்டினார்கள். தில்லையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ ஆண்டவா, இது இன்னா கொடுமை" என்று முனகினார். வழக்கம் போல நடந்தவள் ஸ்ரீமதி ஒருத்திதான். நின்று நிதானமாக மூவரையும் பார்த்துவிட்டு, "பாத்து, விழுந்துடுவீங்க" என்றாள். பிரிசில்லா செருப்பைக் கழற்றி வீசினாள்.

நாலாம் நாள் அந்த இறக்கம் வந்தது. முந்தின சாயங்காலம் கோடை மழை கொட்டியிருந்தது. செம்மண் பாதை, நடுநடுவே கல், வழவழவென்று கீழே போய்க் காட்டுக்குள் மறைந்தது. பக்கத்து ரோட்டில் சொன்னபடி ஜீப் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். ஸ்ரீமதியையும் ஒரு பாறை மேல் இறக்கிவிட்டார்கள்.

அந்தோணிசாமி இப்போது அதட்டவில்லை. "டீச்சர், மூணு நாள் பிரமாதமாப் பண்ணிட்டீங்க. ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஜீப்புல ஏறுங்க."

"நாங்க தூக்கிக்கினு போறோம்" என்றாள் வெண்மதி.

"தூக்குனா நாம எல்லாரும் சேந்து உருளுவோம்" என்றாள் ஸ்ரீமதி.

அவள் ஜீப்பைப் பார்த்தாள். டிரைவர் கதவைத் திறந்து வைத்திருந்தான். பின் சீட்டில் நாலு பேருடைய பைகளும் அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். இல்லை. இந்த ஜென்மத்தில் இல்லை.

ஏழு வயசு வரை, காலிபர் வாங்கும் முன்னால், அவள் வீடு முழுக்க உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு போனவள். கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒரு முழம் நகர்ந்து, மறுபடி ஊன்றி. வேகமாகவும் போவாள். "மண்ணுல தேய்க்காதடி, பாக்கறவங்க சிரிப்பாங்க" என்று அம்மா அடித்து நிறுத்தினாள். முப்பத்துநாலு வருஷமாக அந்த உடம்பு அதை மறக்கவில்லை என்று இப்போது பாறை மேல் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரிந்தது.

"பிரிசி, உன் ரப்பர் செருப்பக் கொடு."

"எதுக்குடி?"

"கொடுன்னா கொடேன்!"

செருப்பை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டாள். பாறையிலிருந்து மெல்லச் சரிந்து பாதையின் சேற்றில் உட்கார்ந்தாள். குதிரைக்காரர்கள், டிரைவர், கூட வந்த டீச்சர்கள், அத்தனை பேர் கண்ணும் அவள் மேல். காது மடல் சூடாயிற்று. சிரித்தால் சிரிக்கட்டும், எனக்கென்ன என்று கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒரு முழம் நகர்ந்தாள். இன்னொரு முழம். வலது காலைக் கையால் எடுத்து முன்னால் வைத்தாள். இன்னொரு முழம்.

"டீச்சர், இது அரைக் கிலோமீட்டர்!" என்று அந்தோணிசாமி கத்தினார்.

"எனக்குக் கணக்கு தெரியும் சார்! நீங்க குதிரைங்கள ஓட்டிக்கினு முன்னாடி போங்க, கீழ வந்து ஏறிக்கறேன்!"

அவரும் ஆட்களும் குதிரைகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு போனார்கள். ஸ்ரீமதி நூறு அடி நகர்வதற்குள் அவளுக்குப் பின்னால் 'தொப்'. மாவட்ட அளவில் ஓட்டப் பந்தயத்தில் கப் வாங்கிய பிரிசில்லா மல்லாந்து கிடந்தாள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள். வெண்மதி ஒரு செடியைப் பிடித்தாள், செடி கையோடு வந்தது. தில்லையம்மாள் நட்ட நடுவில் நின்றுகொண்டு, "நான் இங்கேயே இருந்துடறேன், வருஷா வருஷம் வந்து பாருங்க" என்று அழத் தொடங்கினார்.

ஸ்ரீமதி திரும்பினாள். எட்டாம் வகுப்பை ஒரே அதட்டலில் அடக்கும் குரல் அது.

"எல்லாரும் உக்காருங்க! நின்னா விழத்தான் செய்வீங்க. கைய ஊனு, இடுப்பத் தூக்கு, நகரு. வெண்மதி, கால முன்னாடி வையி. பெரிய டீச்சர், அழுவாம என் கையப் பாத்து செய்யிங்க. ஒண்ணு, ரெண்டு, நகரு!"

உட்கார்ந்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? திருப்பாதிரிப்புலியூரின் நாலு டீச்சர்கள் வரிசையாகச் சேற்றில் உட்கார்ந்து, ஒண்ணு, ரெண்டு, நகரு என்று கத்திக்கொண்டே மலை இறங்கினார்கள். வரிசையின் முதலில் ஸ்ரீமதி. கல் குத்தியது, சுடிதார் கிழிந்தது, உள்ளங்கை செருப்பையும் மீறிக் கன்றிப்போயிற்று. இரண்டரை மணி நேரம். வலி உயிர் போயிற்று, ஆனால் அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. பாதியில் தில்லையம்மாளுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. "அடியே, இத மொத நாளே சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதா?" என்றார் அவர். காடு முழுக்கக் கேட்டது அவர்கள் சிரித்த சிரிப்பு.

கீழே அந்தோணிசாமி செல்லாயியை ஒரு மேட்டு ஓரமாக நிறுத்தி வைத்துக் காத்திருந்தார். கடைசி முழமும் நகர்ந்து வந்து நிமிர்ந்தவளைப் பார்த்து, அந்த ஆறடி ஆள் தலையிலிருந்த குல்லாயை எடுத்தார். "ஏறுங்க டீச்சர். முன்னாடி நீங்க போங்க" என்றார். இதுவரை முதல் குதிரையில் போனவர் அவர்தான்.

சவாரி முடியும் லாயம் இருந்த ஊர் கண்ணுக்குத் தெரிந்தது. ரோட்டில் ஒரு ஆள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். செந்தமிழ்செல்வன்! மனசு கேட்காமல் முந்தின நாளே பஸ் பிடித்து வந்துவிட்டார். சற்று முன்னால் பைகளோடு வந்து சேர்ந்த ஜீப்பில் மனைவியைத் தேடி, காணாமல், அரை உயிராக நின்றவர். வளைவில் ஒரு குதிரை வந்தது. மேலே தலை முதல் கால் வரை செம்மண்ணாக ஒரு பொம்பளை, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் வரிசையாக இன்னும் நாலு குதிரைகள் அவளைத் தொடர்ந்து வந்தன. முதலில் அவருக்கு அடையாளமே தெரியவில்லை. தெரிந்ததும் ஓடிவந்து நடு ரோட்டில் நின்று, இறக்கிவிட இரண்டு கையையும் நீட்டினார். கண் கலங்கியிருந்தது.

"போதும் ஸ்ரீ, எறங்கும்மா. நான் பிடிச்சிக்கறேன்."

ஸ்ரீமதி கடிவாளத்தை இழுத்துச் செல்லாயியை நிறுத்தினாள். மேலிருந்து அவரைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளை அண்ணாந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"லாயத்துக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்குங்க. வழிய விடுங்க."

அவர் ஒதுங்கி நின்றார். செல்லாயி நடந்தது.