ஓணத்துக்கு ஒரு ஒப்பாரி

எஸ்டேட் அதிகாரிகள் கிளப்பின் பின்வாசலில் நின்று சங்கையா கம்பளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். காலில் செருப்பில்லை. வேடத்துக்காக வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"பாண்டின்னா வெறுங்காலுதான் தம்பி. செருப்புப் போட்டா சிரிக்க மாட்டாக" என்றார் என்னிடம்.

எழுபத்து நாலாம் வருஷத்து ஓணம். மூணாறை அடுத்த சின்னக்கானல் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் அதிகாரிகள் மலையாளிகள். கொழுந்து பறிப்பவர்களும் ஃபேக்டரியில் நிற்பவர்களும் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறியவர்களின் பிள்ளைகள். எங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் பாண்டி. நான் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, பி.ஏ. படித்து, அதே எஸ்டேட் ஆபீசில் கிளார்க் ஆனவன். அந்தச் சித்திரையில் என் மனைவி சாந்தம்மாள் பிரசவத்தில் இறந்துபோனாள். பிள்ளையும் தங்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு அழுகை வரவில்லை. வேறு எதுவும்கூட வரவில்லை. கிளப்பில் நாற்காலி போட ஆள் வேண்டும் என்றார்கள், போயிருந்தேன்.

சங்கையா ஃபேக்டரி ஆள். ஒவ்வொரு ஓணத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு பாண்டி வேடம் கட்டச் சொல்வார்கள். அந்த வருஷம் அவரால் மறுக்க முடியாத நிலை. மகள் பூமாரி தற்காலிகக் கூலியாகவே பறித்துக்கொண்டிருந்தாள். அவளை நிரந்தரமாக்குவது அசிஸ்டண்ட் மேனேஜர் கோஷி சார் கையில் இருந்தது. அது லயம் முழுக்கத் தெரியும்.

அவர் உள்ளே வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முதன்முதலாக மலையேறி வந்த பாண்டி, எதைக் கண்டாலும் கும்பிடுகிறான். ஜன்னலுக்கு வெளியே நின்ற ஜீப்பைக் கும்பிட்டார். தண்ணீர்க் குழாயைக் கும்பிட்டார். மேனேஜரின் நாயைக் கும்பிட்டு, அது வாலாட்டாததால் இன்னொரு முறை கும்பிட்டார். மேனேஜரை மட்டும் பார்க்காமல் தாண்டிப் போய், திடுக்கிட்டுத் திரும்பி, "மன்னிக்கணும் தொரை, மரம்னு நெனச்சிட்டேன்" என்றார். மேனேஜரே மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"பாண்டி குளிக்க மாட்டான்னு சொல்லுதாக. குளிப்போம் தொரை. லயத்துப் பைப்புல தண்ணி வரட்டும், மொத ஆளா குளிப்போம்."

மறுபடி சிரிப்பு. இதே ஆட்டத்தை மாரியம்மன் கோயில் கொடைக்கு லயத்தில் ஆடும்போது இன்னும் மோசமாக ஆடுவார். எங்கள் குடி, எங்கள் அழுக்கு, எங்கள் சண்டை எதையும் விட மாட்டார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வோம். கிளப்பில் அவற்றில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. எதை எங்கே வைத்துச் சிரிக்கலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அவ்வளவு படித்த எனக்கு அது பிடிபட்டதே இல்லை. கும்பிட்டுக்கொண்டே வந்த மனிதர், யாருக்கும் தெரியாமல் அந்த அறையிலிருந்த எல்லோரையும் ஒரு படி கீழே இறக்கிவிட்டிருந்தார்.

கோஷி சாருக்குப் போதவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டே சங்கையா, நிங்ஙள் மரிச்ச வீட்டில் நெஞ்சத்தடிச்சு பாடுமல்லோ, அது பாடடா" என்றார்.

ஒப்பாரியைக் கேட்டார். சங்கையா எத்தனையோ நடித்திருக்கிறார், அதை மட்டும் லயத்தில்கூட நடித்ததில்லை.

"அது வேணாம் சார். எழவு விழாத எடத்துல ஒப்பாரி எடுக்கப்படாது. எடுத்தா அங்க எழவு விழும்பாக."

"பாண்டிக்குப் பேடியோ?" பயமா என்று கேட்டுக் கோஷி சார் சிரித்தார். அப்புறம், பூமாரி விஷயத்தைத் தான் மறக்கவில்லை என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சங்கையா கம்பளியின் நுனியைப் பிடித்தபடி நின்றார். பிறகு சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"எழவு விழுந்த வீட்டுக்காரர் ஒருத்தர் இங்க நிக்காரு. அவர் சம்மதிச்சா எடுக்கலாம்." குரலில் பாண்டி இல்லை. "தம்பி, உங்க வீட்டு எழவ எடுத்துக்கிடட்டா?"

எல்லோரும் திரும்பினார்கள். நான் சரி என்று தலையை ஆட்டினேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவர் தரையில் உட்கார்ந்தார். ஒப்பாரியில் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு வட்டமாக உட்காருவார்கள். அவர் இரண்டு பக்கமும் யாருமில்லாத தோள்கள்மேல் கைகளைப் போட்டுக்கொண்டு ஆடினார். அதற்கே சிரிப்பு வந்தது. ஆட்டத்தில் பாண்டி செத்துப்போனான், முதலில் அழ வந்தது கொழுந்து எடை போடும் தராசு.

"கூடை நெறயக் கொண்டாந்தே என் ராசா,
கொறச்சுத்தானே நான் நிறுத்தேன் என் ராசா,
நீ கண்ண மூடிப் போன பின்னே
நான் யாருக்குக் கொறப்பேன்?"

அடுத்து அட்டைப்பூச்சி.

"தொரைமாரு காலெல்லாம் பூட்ஸுக்குள்ள இருக்குதய்யா,
தொட்டுப் பாக்க வழியில்ல என் ராசா,
ஒன் வெறுங்காலு போன பின்னே
நான் எந்தக் காலில் குடியிருப்பேன்?"

சிரிப்பு இருந்தது, ஆனால் முன்போல ஒன்றாக வரவில்லை. சிலர் பக்கத்து முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். மூன்றாவதாக ஜீப் அழ வந்தது. தொண்டைக்குள் இருமி, ஸ்டார்ட் ஆகாமல், மறுபடி இருமி, விம்மியது.

"சோடாப் பொட்டி ஏத்தி வர மூணாறு போனேனே என் மகளே,
நீ வலியெடுத்துக் கூப்பிட்டது கேக்கலையே என் மகளே,
ஒரு சோடாகூட ஒடையாமப் பதனமாக் கொண்டாந்தேன்,
நீ ஒடஞ்சு கெடந்தியே என் மகளே."

'என் ராசா', 'என் மகளே' ஆகிவிட்டதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சித்திரையில் சாந்தம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அன்று எஸ்டேட் ஜீப் கிளப்புக்குச் சோடா எடுக்கத்தான் போயிருந்தது. மேனேஜர் கையிலிருந்த தம்ளரை மேசைமேல் வைத்தார்.

ஜீப் மறுபடி இருமியது. அந்த இருமல் எனக்குத் தெரியும். சாந்தம்மாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மேட்டில் அது ஏறி வருகிறதா என்று காத்திருந்து கேட்ட இருமல். இரண்டு இருமல், ஒரு விக்கல், கடைசியில் ஒரு சின்ன ஏப்பம். சங்கையா ஏப்பத்தைக்கூட விடவில்லை.

நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. அந்த அறையில் அப்போது சிரித்தவன் நான் ஒருவன்தான். நிறுத்த முயன்றேன், முடியவில்லை. முகமெல்லாம் நனைந்திருந்தது.

"மதி, மதி" என்று, போதும் என்பதுபோல் கையைக் காட்டினார் கோஷி சார். மேனேஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்ன முகம் வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

சங்கையா அவர் பக்கம் திரும்பவில்லை. இரண்டு கைகளும் அந்தரத்தில் விரிந்தபடியே இருந்தன. நான் நாற்காலிகளுக்கு நடுவே போய் அவர் இடது கைக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். கம்பளியில் தேயிலைத்தூள் மணத்தது. கை என் தோளில் இறங்கியது, கனமாக. அவர் மூச்சை இழுத்து ஒப்பாரியின் அடுத்த அடியை எடுத்தார்.