பரிசு வாங்கிய பூங்காவின் பக்கத்து வீடு

படபடவென்று வெடித்தது. ஒரு சரம் அடங்குவதற்குள் அடுத்த சரம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கூரையில் இருந்த குரங்குகள் தகரத்தைத் தடதடவென்று மிதித்துக்கொண்டு ஓடின.

ரபீகா கையிலிருந்த தஸ்பீஹ் மணியைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"றம்லத்! முதல்ல கீழ்க் கதவப் பூட்டு!"

கண்டியில் இப்படிச் சத்தம் கேட்டால் முதலில் கதவைப் பூட்டிவிட்டுப் பிறகு காரணம் கேட்பது கலவரம் வந்த வருடத்திலிருந்தே அந்த ஒழுங்கையில் பழக்கம். ஆனால் றம்லத் சிரித்துக்கொண்டே மேல்மாடிக்கு ஏறி வந்தாள். மாவு ஒட்டிய ஒரு கை, ஃபோன் பிடித்த மறு கை.

"பயப்படாதீங்க மதினி. பார்க்குக்குப் பரிசு கெடச்சீக்காம். அதுக்குத்தான் வெடி."

"எந்த பார்க்?"

"ஊருல எத்தின பார்க் ஈக்கிது? நம்மட மதிலுக்கு அங்கால ஈக்கிறதுதான்."

கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து மேலே ஏறும் ஒழுங்கையின் கடைசி வீடு ரபீகாவினுடையது. அதற்கு அப்பால் ஒரு மதில். மதிலுக்கு அப்பால் சந்தகிரிப் பூங்கா. ஏதோ வெளிநாட்டுச் சுற்றுலா இணையத்தளம் ஆசியாவின் அழகான சின்னப் பூங்காக்கள் என்று பத்தைத் தெரிவு செய்து அதில் சந்தகிரியையும் சேர்த்திருந்தது.

"அழகாம்!" என்றாள் ரபீகா. "அந்த நீர்வீழ்ச்சி ஈக்கிதே, அது காலையில டியூட்டிக்கி வந்து பின்னேரம் கையெழுத்து வெச்சிட்டுப் போற நீர்வீழ்ச்சி. மோட்டர் போடுற சத்தம் எனக்கித்தானே கேக்குது. முந்தி அந்த எடத்துல என்ன ஈந்திச்சி தெரியுமா? ஒடஞ்ச லொறி ரெண்டும் காட்டுப் பண்டியும். தெறப்பு விழாவுக்குப் பூச்சட்டியெல்லாம் லொறியில வந்திச்சி. விழா முடிஞ்சதும் அதே லொறியில ஏறிப் போயிட்டிச்சி. படம் புடிச்சவனுக்கு அது தெரியுமா?"

"உள்ளுக்குப் போய்ப் பாத்திருக்கீங்களா?"

"போகணுமா? இங்க நிண்டாத் தெரியிது."

றம்லத் ரபீகாவின் கணவர் ஹாஷிமின் தங்கை; அண்ணனை 'நானா' என்றுதான் கூப்பிடுவாள். ஹாஷிம் மௌத்தான நாளிலிருந்து மதினிக்குத் துணையாக அலவத்துகொடையிலிருந்து வந்து தங்கியிருக்கிறாள். ரபீகா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்த பெண் நாலு மாதத்துக்கு மேல் வீட்டுப்படி தாண்டாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. வெள்ளை உடுப்பு, மேல்மாடி அறை, இந்த ஜன்னல். ஒரே மகள் ரிஸ்னா தோஹாவில். மௌத்துக்கு வந்து போனவள் இப்போது ஃபோனில்தான் வருவாள். போன வாரம்கூட, "உம்மா, என்ட ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கண்டிக்கு வந்தா அந்த பார்க்குக்குத்தான் போறாங்க. ஒங்களுக்கு ஜன்னலத் தெறந்தாப் போதும், எவ்ளோ அதிர்ஷ்டம்!" என்றாள். அன்று ரபீகா அடுப்பில் பால் வைத்திருப்பதாகப் பொய் சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

றம்லத் கட்டிலில் உட்கார்ந்து பூங்காவைப் பற்றிய வீடியோவைப் போட்டாள். இளைஞன் ஒருவன் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறிமாறிப் புகழ்ந்துகொண்டிருந்தான். குளம், தாமரை, மரப்பாலம். ரபீகா ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்லிக்கொண்டே தலையை நீட்டிப் பார்த்தாள்.

"தாமரையாம். பத்துப் பூவுல ஆறு பிளாஸ்டிக்கா ஈக்கும்…"

றம்லத் திடீரென்று வீடியோவை நிறுத்தினாள். பின்னால் இழுத்தாள். மறுபடி ஓட விட்டாள்.

"மதினி."

"என்ன?"

"இது நானாதானே?"

மூங்கில் புதரை ஒட்டி ஒரு மர வாங்கு. அதில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர், கால்களுக்கு நடுவே குடையை ஊன்றி, கைப்பிடியில் இரு கைகளையும் அடுக்கி உட்கார்ந்திருந்தார். கெமரா அவரைக் கடந்து போய்விட்டது.

"இல்ல," என்றாள் ரபீகா.

"நல்லாப் பாருங்க. அந்தக் குடை—"

"குடை ஊருல எல்லாருகிட்டயும் ஈக்கிது. அவர் அஸர் தொழுதுட்டு நேரா டவுனுக்குப் போய்க் கடையில ஈந்துட்டு, மஃரிபும் தொழுதுட்டுத்தான் வீட்டுக்கு வாறவர். பார்க்ல போய்க் குந்திக்கொண்டு ஈக்க அவருக்கு என்ன பைத்தியமா?"

றம்லத் ஃபோனைக் கீழே வைத்தாள். அவள் வாய் அதிக நேரம் மூடி இருக்காது.

"நானா ஒங்களிட்ட செல்லினாரா, கடைக்கிப் போறண்டு?"

"வேற எங்க போவார்?"

அப்படிச் சொன்ன பிறகுதான் ரபீகா யோசித்தாள். குடையை எடுக்கும்போது அவர் "போய்ட்டு வாறன்" என்பார். அவ்வளவுதான். கடைக்கு என்று முடிவு செய்தது அவள்.

ஹாஷிமின் துணிக்கடையை இப்போது நடத்துவது அவருடைய அண்ணன் மகன் அரூஸ். இத்தாவில் இருப்பவள் அவனோடு பேசக்கூடாது என்பதால் றம்லத்தான் ஃபோன் எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டுக் கட்டிலில் வைத்தாள். ரபீகா பக்கத்தில் குனிந்து காதுகொடுத்தாள்.

"அரூஸ், நானா மௌத்தாக முந்தி பின்னேரத்துல கடைக்கி வருவார்தானே?"

"சாச்சாவா? இல்லயே மாமி. கடையத் தந்த புதுசுல வந்தார். 'சாச்சா, நீங்க ரெஸ்ட் எடுங்க'ண்டு நான்தான் செல்லினேன். அதுக்குப் பொறகு பெருநாளைக்கித்தான் காணக் கெடச்சிச்சி. சாச்சியோட வீட்ல சந்தோசமா ஈக்கிறார்ண்டு நெனச்சன். ஏன் மாமி?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

வெடிச் சத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது. ரபீகா ஜன்னலைத் திறந்தாள். மதிலுக்கு அப்பால் பூங்காவின் மேல்பாதை தெரிந்தது, குளத்தின் ஒரு ஓரம் தெரிந்தது. மூங்கில் புதர் தெரிந்தது. அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை.

"ஒருக்கா அந்த வீடியோவப் போடு," என்றாள்.

றம்லத் போட்டுக் கொடுத்துவிட்டு மாவு பிசையப் போனாள். ரபீகா அதையே பார்த்தாள். கணவரின் முகத்தைவிட வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைத்தான் அதிகம் பார்த்தாள். யாராவது எழுந்து போன இடமா? யாராவது வரப்போகிற இடமா? அவர் வேறு எப்படியும் இருந்திருக்கலாம், இன்னொருத்தியோடு மட்டும் இருந்திருக்கக் கூடாது. யாரும் இல்லாத இடம்தான் அது என்று ஒருவர் சத்தியம் பண்ணினால் போதும், மிச்ச வாழ்நாளை அவள் இந்த ஜன்னலருகே கழித்துவிடுவாள்.

அடுத்த நாள் காலையில் றம்லத்தே அந்தப் பேச்சை எடுத்தாள். இடியப்பத்தைப் பீங்கானில் வைத்துக்கொண்டே, "நானா அப்படிப்பட்ட ஆள் இல்ல மதினி," என்றாள்.

"எப்படிப்பட்ட ஆள்?"

"நீங்க நெனைக்கிற மாதிரி."

"நான் ஒண்ணும் நெனைக்கல்ல."

"நெனைக்கல்லண்டா ஏன் ராவெல்லாம் ஃபோன் வெளிச்சம்? என்ட சார்ஜ் எல்லாம் முடிஞ்சி போச்சி."

"ஒன்ட நானாவப் பத்தி எனக்கித் தெரியாதா? அவர் என்னோடயே ரெண்டு வார்த்த சேந்து பேசாதவர். இன்னொருத்தியோட என்னத்தப் பேசுவார்?"

இருவருமே சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் ரபீகா இடியப்பப் பீங்கானைத் தள்ளி வைத்தாள்.

உண்மையில் ஹாஷிம் பேசாதவர்தான். சாப்பாடு ஆச்சா, மருந்து எடுத்தாச்சா, கதவு பூட்டியாச்சா. ரிஸ்னா தோஹாவுக்குப் போன பிறகு வீட்டில் இருந்த பேச்சு அவ்வளவுதான். அவள் மேலே தையல் மெஷினில். அவர் கீழே டீவியில். பூங்கா திறந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் அவர் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு மாடிப்படியில் நின்று, "வாறியா, போய்ப் பாத்துட்டு வருவோம்," என்றார். "ஊர்ல ஈக்கிறவனெல்லாம் காசு குடுத்து ஏமாறுறான். நாங்களுமா?" என்று கேட்டாள் ரபீகா. தைத்துக்கொண்டிருந்த உடுப்பிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவர் இறங்கிப் போய் சேர்ட்டைக் கழற்றி மாட்டினார். பிறகு கேட்கவில்லை.

இத்தா முடிகிற வரை நாட்கள் இறப்பர் மாதிரி இழுபட்டன. பரிசுச் செய்தி பரவப் பரவ ஒழுங்கையில் வான்கள் அதிகமாயின. கேட்டை மறித்து நிறுத்தினார்கள். பிள்ளைகள் மதிலில் ஏறினார்கள். ஒரு நாள் யாரோ பெல் அடித்து, "கழிவறை இருக்கா?" என்று கேட்டதற்கு றம்லத், "ஆசியாவுல பத்தாவது அழகான கழிவறை இங்க இல்ல, பார்க்குக்குள்ள தேடுங்க," என்று கதவைச் சாத்தினாள். ரபீகா மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவளே சொல்லியிருக்க வேண்டிய வசனம். இப்போது அவளுக்குப் பூங்காவைத் திட்ட வாய் வரவில்லை. திட்டும்போதெல்லாம் அந்த மூங்கில் புதர் கண்ணுக்கு முன்னால் வந்தது.

ஒருவழியாக இத்தா முடிந்தது. குளித்து, தொழுது, அயல் பெண்களெல்லாம் வந்து துஆ ஓதி, கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். இத்தா முடிந்த பெண் முதலில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது வழக்கம். அலவத்துகொடைக்குப் போக வான் வந்து நின்றது. றம்லத் வட்டிலப்பப் பாத்திரத்தோடு முன் சீட்டில் ஏறிவிட்டாள்.

கறுப்பு அபாயாவில் படியிறங்கி வந்த ரபீகா வானைக் கடந்து நடந்தாள்.

"மதினி! எங்க போறீங்க?"

"இந்தா வாறன். அஞ்சு நிமிசம்."

"மொதல்ல நம்மட வீட்டுக்கு வரணும் மதினி! முறை அது!"

"முறைய வான்ல வெச்சிட்டுக் கொஞ்சம் இரு."

மதிலைச் சுற்றிக்கொண்டு போனால் டிக்கட் கூடு. முன்னால் வரிசை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வெளியூர். அவளையும் வெளியூர்க்காரி என்றே நினைத்து, கூட்டில் இருந்த பெண் பூங்காவின் வரைபடம் ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

உள்ளே எல்லாம் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. மரப்பாலத்தில் இரண்டு பலகை புதிது. குளத்துத் தண்ணீர் பச்சை. நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் நீலக் குழாய் அப்பட்டமாகத் தெரிந்தது. தாமரை மட்டும் நிஜத் தாமரை. நான் சொன்னது சரிதானே என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம் ஃபோனை உயர்த்திப் பிடித்து வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் அவர்கள் படத்தில் விழாமல் ஒதுங்கி நடந்தாள்.

மூங்கிலின் பின்னால் வாங்கு காலியாக இருந்தது. பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். நெஞ்சில் பெயரட்டை. மூன்று மொழியிலும் மூக்கையா என்று எழுதியிருந்தது.

"தம்பி, ஒரு விசயம் கேக்கணும்." குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "இந்த எடத்துல தொப்பி போட்ட ஒருத்தர் வந்து இருப்பாரா? குடையோட?"

"நம்ம ஹாஷிம் நானாவா?" மூக்கையாவின் முகம் மலர்ந்தது. "தெரியாம என்னங்க. தினமும் வருவாரே. இப்ப கொஞ்ச காலமா ஆளக் காணல. நீங்க சொந்தமா?"

"தெரிஞ்ச ஆள்," என்றாள் ரபீகா. "மௌத்தாகிட்டார்."

விளக்குமாறு நின்றது. "அட கடவுளே. எப்பங்க? யாரும் சொல்லலியே." அவர் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "நல்ல மனுசன்ங்க."

அவள் வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பலகை வெயிலில் சூடாக இருந்தது.

"அவரோட… வேற யாராவது வருவாங்களா?"

"இல்லங்கம்மா. தனியாத்தான் வருவாரு, தனியாத்தான் போவாரு."

அல்ஹம்துலில்லாஹ் என்று உதட்டுக்குள் சொன்னாள். எழுந்து வானுக்குப் போயிருக்கலாம். ஆனால் கேட்டாள்.

"சும்மா பாத்துக்கொண்டு இருப்பாராக்கும்."

"நானாவா? சும்மாவா?" மூக்கையா சிரித்துவிட்டார். "வாயே மூட மாட்டாருங்க. என்னோட பேசுவாரு, டிக்கட் குடுக்கிற பொண்ணோட பேசுவாரு, வெள்ளக்காரங்க வந்தா கையக் காட்டியே பேசுவாரு. சின்ன வயசுல நாவலப்பிட்டியில துணி மூட்டை தூக்கின கதை, ரயில் விட்டுட்டு நடந்து வந்த கதை. அவரு கதையக் கேட்டுக்கிட்டு நின்னு நான் சூப்பர்வைசர்கிட்ட ஏச்சு வாங்கினது எத்தனை தரம்!"

ரபீகா அவரையே பார்த்தாள். ரயிலை விட்டுவிட்டு நடந்து வந்த கதையா? அவளுக்கு அப்படி ஒரு கதை தெரியாது.

வெளியே வான் ஹோர்ன் அடித்தது. அவள் அசையவில்லை.

"வீட்டுக்குப் போற எண்ணமே இல்லாமலா அவ்ளோ நேரம் பேசிக்கொண்டு ஈந்தார்?"

"அதத்தாங்க நானும் கேப்பேன்," என்றார் மூக்கையா. "கேட்டப் பூட்டுற நேரம் வந்தாலும் எந்திரிக்க மாட்டாரு. 'நேரமாச்சே நானா, வீட்டுல தேட மாட்டாங்களா?'ன்னு கேட்டா, 'வீட்ல ஆள் ஈந்தாத்தானே மூக்கையா தேடுறதுக்கு'ன்னு சிரிப்பாருங்கம்மா."