டயாலிசிஸ் பிரிவின் பவளத் தொட்டி

சிங்காநல்லூரில் இருக்கும் அந்தச் சிறிய மருத்துவமனையில், டயாலிசிஸ் பிரிவுக்கும் காத்திருப்பு அறைக்கும் நடுவே பாதிச் சுவர்தான். மீதிப் பாதியில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி. டாக்டர் சசிதரின் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு வெளிநாடு போனபோது அவரிடம் விட்டுப்போனது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் மெஷினோடு கட்டுண்டு படுத்திருப்பவர்களுக்குப் பார்க்க ஏதாவது வேண்டும் என்று அவர் அதை அங்கே வைத்தார். உள்ளே பாறைகள், அவற்றின் மேல் பொத்தான்களைப் போல விரியும் பவளம், கிளைவிட்ட ஒரு பவளம், ஏழு மீன்கள்.

அதைப் பார்த்துக்கொண்டவள் இனியா. முப்பத்தொரு வயது, டயாலிசிஸ் டெக்னீஷியன், மதுக்கரையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். மெஷினுக்குப் போகும் தண்ணீரைத் தினமும் சோதிப்பது அவள் வேலை. அதே சுத்தமான ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலவையைக் கரைத்துத் தொட்டிக்கும் ஊற்ற ஆரம்பித்தாள். யாரும் சொல்லி எடுத்த வேலை இல்லை.

பங்குனியில் பாசி வந்தது. முதலில் ஒரு பாறை முனையில் பச்சை நூல் போல நாலு இழை. மூன்று வாரத்தில் பாறையெல்லாம் மயிர் முளைத்தது. பொத்தான் பவளங்கள் மூடிக்கொண்டன. படுக்கையில் இருந்தவர்கள் டிவி பக்கம் தலையைத் திருப்பினார்கள்.

மீன்கடை யூனுஸ் ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். முதலில் கையால் முடிந்தவரை பிடுங்கிவிட வேண்டும், பிறகு பாதி அளவு மட்டும் ஊற்ற வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். இனியாவுக்குப் பொறுமையில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பிடுங்காமலேயே முழு அளவையும் ஊற்றிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்ததுமே நாற்றம் அடித்தது. அத்தனை பாசியும் ஒரே நேரத்தில் செத்து அழுகி, தண்ணீரிலிருந்த காற்றையெல்லாம் தின்றுவிட்டிருந்தது. மூன்று மீன்கள் மிதந்தன. அதில் ஒன்று எல்லோருக்கும் பிடித்த மஞ்சள் மீன். அவள் வலையை எடுத்து வருவதற்குள் முதல் ஷிப்ட் ஆட்கள் வந்துவிட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

டாக்டர் சசிதர் மத்தியானம் கூப்பிட்டனுப்பினார்.

"எடுத்துடலாம் இனியா. ரெண்டு மாசத்துல ஆய்வுக்கு வர்றாங்க. அழுகின தண்ணிய வார்டுக்குப் பக்கத்துல வச்சுட்டு நான் என்ன பதில் சொல்றது?"

"ஆறு வாரம் குடுங்க சார். அப்பவும் இப்படியே இருந்தா நானே காலி பண்ணி வெளிய வச்சர்றேன்."

டாக்டர் காலண்டரில் ஒரு தேதியை மட்டும் வட்டமிட்டார்.

அன்றிலிருந்து மருந்துப் பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிவுக்கு விடுமுறை. இனியா அன்றைக்கும் வந்தாள். பாறைகளை ஒவ்வொன்றாகத் தொட்டித் தண்ணீர் நிறைந்த வாளியில் இறக்கி, விரலால் பிடுங்கி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். பாறை இடுக்கில் ஒளிந்திருந்ததை ஊசி முனையால் கிளறினாள். முதல் ஞாயிறு மட்டும் ஈரமாய் ஒன்றரைக் கிலோ பாசி வந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனிகள் வெடித்தன. கால் பங்குத் தண்ணீரை மாற்றினாள். விளக்கு எரியும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தாள். யூனுஸிடம் சொல்லி இரண்டு டஜன் நத்தை வரவழைத்தாள். அவர் அவளைத் திட்டவில்லை. பாசி தின்னும் தீனி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் எத்தனை பிடுங்கினாலும் அது முளைக்கும் என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தீனியின் பெயர் பாஸ்பேட். தண்ணீரை ஒரு சின்னக் குழாயில் எடுத்து இரண்டு மருந்துச் சொட்டு விட்டால் நீலமாகும். நீலம் அடர அடரப் பாஸ்பேட் அதிகம். தண்ணீர் மாற்றிய அன்று பாயிண்ட் ஒன்று ஐந்து இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பாயிண்ட் நாலு. ஆர்.ஓ. தண்ணீரைச் சோதித்தாள், சுத்தம். உப்புக் கலவையும் சுத்தம். அவள் போடும் தீனியோ ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை.

பிறகு அவள் தினமும் காலையும் மாலையும் அளந்து ஒரு தாளில் புள்ளி வைத்தாள். இரண்டு வாரம் ஆனதும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். சனி மாலை இருந்த அளவுதான் திங்கள் காலையும் இருந்தது. நடுவில் ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து, தண்ணீரை மாற்றாமல், வழக்கமான தீனியைப் போட்டிருந்தாள், அப்படியும் ஏறவில்லை. ஆட்கள் வரும் நாட்களில் மட்டும் கோடு ஏறியது. தண்ணீரின் மேல் அவ்வப்போது மிதந்த எண்ணெய்ப் படலமும் நினைவுக்கு வந்தது. தன் கையில் தடவிய களிம்பு என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

ஒளிந்திருந்து பிடிக்க அவளுக்கு மனமில்லை. புதன்கிழமை பதினோரு மணி ஷிப்டுக்காகக் காத்திருந்தவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கோணும். யாராச்சும் மீனுக்கு ஏதாச்சும் போடறீங்களா? திட்டறதுக்கு இல்லீங்க. தெரிஞ்சாத்தான் மிச்சத்தையாவது காப்பாத்த முடியும்."

முதலில் வாய் திறந்தவர் ரங்கம்மாள். பீளமேட்டில் மில் வைத்திருந்த குடும்பம். அறுபது வயதிலும் மடிப்புக் கலையாத சேலையில் வருகிறவர்.

"நான்தான் கண்ணு. பிஸ்கட்டு. ஒரே ஒரு துணுக்கு."

பக்கத்து நாற்காலியில் இருந்த ரசாக், உக்கடத்தில் ஆட்டோ ஓட்டியவர், வெடுக்கென்று திரும்பி அவரைப் பார்த்தார். ரசாக்கும் வரும் நாளெல்லாம் பன்னைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். தான் ஒருவர் மட்டும்தான் போடுவதாக நினைத்திருந்தார். பின்வரிசையில் இன்னும் இரண்டு பேர் கை தூக்கினார்கள். கடைசியாக லட்சுமணசாமி. காங்கேயத்துப் பக்கம் தென்னந்தோப்பும் நாலு மாடும் வைத்திருப்பவர், டயாலிசிஸுக்காகவே பஸ் ஏறி வருகிறவர். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். தேங்காய்ப் புண்ணாக்குத் தூள்.

"மாட்டுக்குப் போடறதுதான் அம்மணி. நல்ல செக்குப் புண்ணாக்கு." பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நமக்குத்தான் எதைத் தொட்டாலும் ஆகாதுங்கறாங்க. தண்ணியக்கூட அளந்துதான் குடிக்கறோம். அதுகளாச்சும் வயிறாரத் தின்னட்டும்னு போட்டேன்."

மூன்று ஞாயிறு போனதும் விரல் வெடித்ததும் எல்லாம் இனியாவின் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்குள் வாழும் மனிதர்கள் அவர்கள். தாகத்துக்கு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்வதை அவள் தினமும் பார்க்கிறாள்.

புள்ளி வைத்த தாளை அவர்கள் முன்னால் விரித்தாள். "உங்க ரிப்போர்ட்டுல மாசாமாசம் பாஸ்பரஸ்னு ஒண்ணு வருமில்லீங்களா, கொறைக்கோணும்னு டாக்டர் சொல்வாரே, அதேதானுங்க இந்தத் தண்ணியிலயும் ஏறுது. உங்க ஒடம்புல எலும்பை அரிக்குது. இங்க பாசியை வளக்குது."

லட்சுமணசாமி பொட்டலத்தை மடித்தார். "அப்ப அந்த மஞ்ச மீனை நான்தான் கொன்னுபோட்டனா?"

"இல்லீங்க. அது நான். அவசரப்பட்டு மருந்தை ஊத்தினது நான்."

இதை அவள் அதுவரை மருத்துவமனையில் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம்கூட.

அன்றே ஓர் ஏற்பாடு செய்தார்கள். இனியா அலசிய இறாலைத் துணுக்காக நறுக்கிச் சின்ன டப்பியில் வைத்துவிடுவாள். திங்கள், புதன், வெள்ளியில் லட்சுமணசாமி அதை ஸ்பூனால் மூடியின் சந்து வழியே போடுவார். மற்ற நாட்களில் போட, அந்த நாட்களில் டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் ரசாக் சொன்ன ஆள் ஒருவர். வேறு யாரும் எதுவும் போடக்கூடாது. காவல் ரங்கம்மாளுடையது. மூன்றாம் நாளே துப்புரவுப் பெண்ணின் கையிலிருந்த முறுக்கை அவர் பிடித்துவிட்டதாகப் பேச்சு.

வடிகட்டியில் பாஸ்பேட்டைப் பிடித்துவைக்கும் துருநிறக் குருணைப் பை ஒன்றையும் இனியா வைத்தாள். பாஸ்பரஸுக்காகத் தான் சாப்பாட்டோடு விழுங்கும் மாத்திரை மாதிரியா என்று லட்சுமணசாமி கேட்டார். அதே மாதிரிதான் என்றாள். அப்படியானால் இது ஒழுங்காக வேலை செய்யும் என்றார் அவர், தன்னுடையதைத் தான் ஒழுங்காக விழுங்குவதில்லை என்று சேர்த்துக்கொண்டு.

எண் இறங்கியது. பாயிண்ட் மூன்று. பிறகு இரண்டு. நத்தைகள் கண்ணாடியில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு ஏறின. ஐந்தாம் வாரம் பச்சை குறைந்த இடத்திலெல்லாம் பழுப்பாக ஒரு வழவழப்பு படர்ந்தது. ரசாக் மனம் விட்டுப்போய், இனித் தேறாது என்று சொன்னார். இனியா குழாயை எடுத்துவந்து அந்தப் பழுப்பை உறிஞ்சி எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். அதற்கு மறுநாளும். ஒன்பதாம் நாள் எடுக்க எதுவும் இல்லை.

வட்டமிட்ட தேதியில் டாக்டர் சசிதர் வந்து தொட்டியின் முன் குனிந்தார். கிளைப்பவளம் செத்து வெள்ளை எலும்பாக நின்றது. அதை இனியா எடுக்காமலே விட்டிருந்தாள். இரண்டு பாறைகளில், தண்ணீர் தேறுவதன் அடையாளமாக, இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. பொத்தான் பவளங்களில் பதினொன்று விரிந்திருந்தன. எண்ணிச் சொன்னவர் லட்சுமணசாமி.

"ரீடிங்?"

"பாயிண்ட் ஜீரோ எட்டு சார்."

பம்புக்குப் பின்னால் மூலையில் இன்னும் ஒரு பச்சைக் கொத்து ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் காட்டினார்.

"அது முழுசாப் போகாதுங்க சார்," என்றாள் இனியா. "வாராவாரம் புடுங்கோணும். புடுங்கறேன். இன்னொண்ணு. அந்த மீனுங்க செத்தது பாசியால இல்லீங்க. நான் மருந்தை அளவு மீறி ஊத்தினதால."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்டால் இந்தத் தண்ணீரைப் பற்றி அவளே நின்று பதில் சொல்ல வேண்டும், அந்தப் புள்ளித் தாளையும் கொண்டுவர வேண்டும் என்றார். பிறகு ரவுண்ட்ஸுக்குப் போய்விட்டார்.

இனியா கை கழுவிவிட்டு வந்தபோது ரங்கம்மாள் தொட்டியருகே நின்றிருந்தார். கண்ணாடியைத் துடைக்கும் காந்தத்தைத் தான் தள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டார். ஒரு பாதி உள்ளே, ஒரு பாதி வெளியே ஒட்டியிருப்பதால் தண்ணீரைத் தொடவே வேண்டியதில்லை.

"ஊசி போடாத கையாலே தள்ளுங்கம்மா. அழுத்தாதீங்க."

ரங்கம்மாள் வலது கையால் காந்தத்தைப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தார். மங்கலாயிருந்த கண்ணாடியில் ஒரு பட்டை தெளிந்தது. கோமாளி மீன் ஒன்று அந்த இடத்துக்கு வந்து நின்றது. அவர் அடுத்த பட்டையை இழுத்தார்.