சிவப்புக்குள் பன்னிரண்டு விநாடி

1

இது என் அண்ணியின் கதை. அனுமதி கேட்கவில்லை, கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார். அவர் நகரத் தீயணைப்புத் துறையில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறார். போன வாரம் துணி மடித்தபடி அண்ணனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கரும்புகை வானத்தை...

(வேண்டாம். புகையில் அண்ணி காணாமல் போய்விடுகிறார்.)

2

பயிற்சியிலிருந்து தொடங்குவதுதான் சரி. எட்டு மாதம். பயிற்சிக் கோபுரத்தின் மேல் ஹெலிகாப்டரை அசையாமல் நிறுத்தி, ஆள் எடையுள்ள மணல் பொம்மையைக் கம்பிவடத்தில் தூக்க வேண்டும். நேர் கீழே நடப்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பின்கதவில் குப்புறப் படுத்து வடத்தை இயக்கும் வடக்காரர் காதுக்குள் சொல்வதுதான் கண். அண்ணி இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறினார்.

அங்கே படித்துப் படித்துச் சொன்னது ஒன்று: எஞ்சின் அளவைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் விலகிவிட வேண்டும். தொட்டதை எழுதிக்கொடுக்கவும் வேண்டும். எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் அடுத்து யாரும் ஏறக்கூடாது.

(அண்ணியைப் பயமறியாதவராக எழுதி, அடித்துவிட்டேன். தேர்வு நாட்களில் அவருக்குத் தண்ணீர்கூட இறங்காது.)

3

தேறிய பத்தொன்பதாம் நாள் மதியம். தீப்பிடித்த ஆறு மாடிக் கட்டடம். மொட்டை மாடியில் ஒரு காவலாளி, ஒரு தையல்காரி. காவலாளியை ஏற்றியாயிற்று. தையல்காரி வடத்தின் நுனியிலிருந்த வாரைத் தலைவழியே மாட்டத் திணறிக்கொண்டிருந்தபோது கீழிருந்து அனல் எழும்பியது. ஹெலிகாப்டர் தொய்ந்தது. அண்ணி விசையைக் கூட்டினார். முள் சிவப்புக்குள் போயிற்று.

“அந்தம்மா இன்னும் மாட்டல,” என்றார் வடக்காரர். “விலகிடலாமா?”

அண்ணி எந்திரத்தை அங்கேயே பிடித்து நிறுத்தினார். மனதுக்குள் விநாடிகளை எண்ணினார். பன்னிரண்டில் குரல் வந்தது: “மாட்டியாச்சு. தூக்குறேன்.”

எல்லோரும் பிழைத்தார்கள். (இங்கேயே முடித்திருந்தால் எனக்கும் தூக்கம் வந்திருக்கும்.)

4

இறங்கியதும் படிவம். அதில் ஒரு கட்டம்: எஞ்சின் அளவு மீறியதா? பழைய எந்திரம், முள் எங்கே போய் வந்தது என்பதற்குப் பதிவு கிடையாது. ‘ஆம்’ என்றால், விலகாமல் நின்றதற்காக அண்ணி மறுபடி பயிற்சிக் கோபுரத்துக்குப் போக வேண்டும். நகரத்தின் ஒரே ஹெலிகாப்டரும் நான்கு நாள் கொட்டகையில் கிடக்கும். ‘இல்லை’ என்றால்...

வடக்காரர் வார்களைச் சுருட்டியபடி, “நான் கதவாண்ட இருந்தேன் மேடம். முள்ள பாக்கல. நீங்க என்ன எழுதுறீங்களோ அதான்,” என்றார்.

அது பரிவா, கைகழுவலா? மூன்று விதமாக எழுதிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அண்ணி பேனாவை எடுத்தார். நிலையத்தின் மணி அடித்தது. இன்னொரு இடத்தில் தீ, கூரையில் ஆட்கள்.

5

அவர் என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியும். சொன்னால் நீங்கள் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். அதனால் பேனாவை உங்களிடம் தருகிறேன்.

நன்றாக யோசியுங்கள். ஆனால் நேரமில்லை. அடுத்த பணிமுறைக்கான விமானி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு எந்திரத்தை நோக்கி நடக்கிறார். உங்களைத் தாண்டும்போது, நிற்காமலே கேட்கிறார்:

“வண்டி நல்லாத்தானே இருக்கு?”