தட்டில் ஏறாத துண்டுகள்

அவள் கை பட்ட சாப்பாட்டை ஊரே பார்த்திருக்கிறது. ஒருத்தரும் தின்றதில்லை. தின்றிருந்தால் ஆஸ்பத்திரியில்தான் கிடந்திருப்பார்கள். விளம்பரப் படங்களுக்குச் சாப்பாட்டை அலங்காரம் செய்து வைப்பது அவள் தொழில். ஐஸ்கிரீம் என்று நீங்கள் எச்சில் ஊறப் பார்ப்பது மசித்த உருளைக்கிழங்கு. கிண்ணத்தில் இருக்கும் பால் வெள்ளைப் பசை. பொன்னிறமாக மின்னும் முழுக்கோழி உள்ளே பச்சை மாமிசம்தான். தோலுக்குச் சாயம் பூசி, தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை மேலே அடித்துவிட்டால் மணிக்கணக்கில் விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். அதனால் வீட்டில் அவளுக்கு மேக்கப் என்று பெயர். வைத்தது மாமியார்.

அந்த மாமியாரை மேக்கப்புக்கு ரொம்பப் பிடிக்கும். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. மாமியாரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கூடத்து நாற்காலியிலிருந்து குரல் வரும்.

"இன்னைக்கு எந்தப் பொணத்துக்கு அலங்காரம்?"

"பர்கர், அத்தை. எள்ளை ஒண்ணொண்ணா இடுக்கியில எடுத்து ஒட்டினேன்."

"வெளங்கிடும். எள்ளுக்கு எடம் பாத்து உக்கார வெக்க ஒருத்தி, அதைப் படம் பிடிக்க ஒருத்தன், பாத்து வாயைப் பொளக்க ஊர் பூரா முட்டாளுங்க."

பிறகு இருவரும் டிவி முன்னால் உட்காருவார்கள். நிகழ்ச்சி வந்தால் சத்தத்தைக் குறைப்பார்கள், விளம்பரம் வந்தால் கூட்டுவார்கள். எது பசை, எது சாயம், எது மெழுகு என்று மேக்கப் சொல்லச் சொல்ல, மாமியார் அந்தக் கம்பெனிக்காரனின் பரம்பரையையே இழுத்து வைத்து வறுத்தெடுப்பாள். நாள் முழுக்க முதலாளிகளின் அசட்டுத்தனத்துக்குத் தலையாட்டிவிட்டு வருகிறவளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் வயிறு நிறைகிற நேரம்.

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதில் இருந்துதான் வம்பு ஆரம்பித்தது. எலும்பு கூடிவிட்டது, வாக்கர் பிடித்து நடக்கிறாள். ஆனால் விழுந்தவர்களைத் தூக்க வருகிறவர்களைவிட, விழுந்தது யார் வீட்டில் என்று கேட்க வருகிறவர்கள்தானே அதிகம். முதலில் கேட்டவள் நாத்தனார்.

நாத்தனார் ஒரு பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியை. எதிரில் யார் இருந்தாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டுதான் பேசுவாள். அவள் வீட்டில் சர்க்கரை கிடையாது, எண்ணெய் கிடையாது, சத்தமும் கிடையாது. நாய்கூட அனுமதி வாங்கிக்கொண்டுதான் குரைக்கும். எல்லாரும் மெதுவாகப் பேசுவார்கள், மென்று தின்பார்கள், நேரத்துக்குத் தூங்குவார்கள். அங்கே போய் வந்தால் மேக்கப்புக்கு இரண்டு நாளைக்கு யாரையாவது திட்டினால்தான் மூச்சு சீராக வரும்.

நாத்தனார் போன் பண்ணினாள். மேக்கப்பின் புருஷன் எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன். அம்மாவுக்குக் கீழேயே ஒரு ரூம் ஒழிச்சு வெச்சாச்சு. இனி எங்ககூட இருக்கட்டும்."

"இங்க நல்லாத்தானே இருக்காங்க," என்றான் அவன்.

"அண்ணா, நீ டூட்டி முடிஞ்சு வந்து ஆக்கிப் போடுறது எத்தனை நாளைக்கு நடக்கும்? அண்ணி கேமராவுக்குத்தான் பரிமாறுவாங்க. வயசானவங்க வாய்க்கு ருசியா யாரு செஞ்சு தர்றது?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே சிக்கியவர்களை இறக்கிவிடத் தெரிந்தவன், அம்மாவுக்கும் தங்கைக்கும் நடுவே மட்டும் தானே சிக்கிக்கொண்டு நிற்பான். வீட்டுச் சமையலும் அவன்தான். அவன் சமையலில் உப்பு சரியாக இருக்கும், வேறு சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

"நான் எங்க வேணா இருக்கேன். எனக்கென்ன?" என்றாள் மாமியார். வாய்தான் அப்படிச் சொன்னது. கண் அணைத்து வைத்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தது. இருக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிற ஜாதி இல்லை அவள். இருங்கள் என்று கெஞ்சுகிற ஜாதி மேக்கப்பும் இல்லை. இரண்டு வீம்புகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தன.

"ஞாயித்துக்கிழமை நான் சமைக்கிறேன்," என்றாள் மேக்கப்.

போனில் சிரிப்பு வந்தது. "நீங்களா? சரி அண்ணி. நீங்க செஞ்சதை அம்மா வயிறார சாப்பிட்டுட்டா, இந்தப் பேச்சையே நான் எடுக்கல. போதுமா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. புருஷன்தான் இரக்கப்பட்டான். "கோழியும் சோறும் நான் பாத்துக்கறேன். நீ தொட்டுக்க ஒண்ணு மட்டும் பண்ணு."

ஓவன் கம்பெனி விளம்பரம் ஒன்றுக்காக, தேனில் வாட்டிய கேரட்டும் பூசணியும் வால்நட்டும் நிறைந்த தட்டு ஒன்றை மேக்கப் பலமுறை அலங்கரித்திருந்தாள். அது எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். எப்படிச் செய்ய வேண்டும் என்பதுதான் தெரியாது. அதையே செய்வதென்று முடிவு பண்ணினாள்.

சனிக்கிழமை ஒத்திகை. ஓவன் கண்ணாடி வழியே பார்த்து, கேரட் நல்ல ஆரஞ்சு நிறத்தில் மினுங்கிய நொடியில் வெளியே எடுத்தாள். படம் என்றால் அதுதான் சரியான நேரம். மாமியார் ஒன்றை எடுத்துக் கடித்தாள். படக்கென்று சத்தம் கேட்டது.

"இது கேரட்டா, பென்சிலா? இன்னும் கொஞ்சம் சீவிக் குடு, எழுதிப் பாக்கறேன்."

அடுத்த முறை ஓவன் தட்டத்தில் தேனையும் வால்நட்டையும் முதலிலேயே கொட்டினாள். காய் வேகும்போது தேன் தாராக உருகி ஒட்டியது, வால்நட் அடுப்புக்கரி ஆனது. மாமியார் அதை வாயிலேயே வைக்கவில்லை. ரோடு போடுகிறவர்களுக்குச் சொல்லி அனுப்பலாமா என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மேக்கப் வீம்பை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தாள். காய்களை விரல் பருமனுக்கு வெட்டினாள். எண்ணெய், உப்பு, மிளகுத்தூள் போட்டுப் பிசிறி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தட்டத்தில் பரப்பி, நல்ல சூட்டில் உள்ளே தள்ளினாள். அப்புறம்தான் வேதனை ஆரம்பித்தது. கண்ணாடிக்குப் பின்னால் நிறம் செத்துக்கொண்டிருந்தது. கேரட் சுருங்கியது. பூசணி தோல் வற்றி ஓரம் கருத்தது. ஸ்டூடியோவில் இந்த அழகில் ஒரு துண்டு இருந்தால் நேராகக் குப்பைத்தொட்டிதான். கை பரபரத்தது. இரண்டு கைகளையும் அக்குளில் திணித்துக்கொண்டு நின்றாள்.

நடுவில் ஒரு முறை புரட்டிப் போட்டாள். குத்திப் பார்த்தால் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. அப்போதுதான் வெண்ணெயும் தேனும் கலந்து ஊற்றி, வால்நட்டை உடைத்துத் தூவி, திரும்பக் கொஞ்ச நேரம் உள்ளே வைத்தாள். சமையலறை முழுக்க ஒரு வாசனை எழுந்தது. தேன் காய்ந்து சிவக்கிற வாசனையும் பருப்பு வறுபடுகிற வாசனையும். இத்தனை வருஷத் தொழிலில் அவள் செய்த எதற்கும் பசை வாசனை தவிர வேறு வாசனை வந்ததில்லை.

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமியார் கண்ணை மூடிக்கொண்டு மூக்கை மட்டும் தூக்கினாள்.

"கருகுது."

"கருகல அத்தை. செவக்குது."

"ம்." அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் குறை சொல்லாமல் மாமியார் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

தட்டத்தை வெளியே எடுத்த நேரம் வாசலில் மணி அடித்தது. புருஷன் கதவைத் திறக்கப் போனான். மேக்கப் தட்டத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு துண்டும் ஒரு தினுசில் கோணியிருந்தது. இதையா நாத்தனார் முன்னால் கொண்டுபோய் வைப்பது? கதவில் தொங்கிய தொழில் பையை இழுத்தாள். இடுக்கியை எடுத்தாள். படத்துக்கு ஏறுகிற துண்டுக்கு அவர்கள் தொழிலில் ஹீரோ என்று பெயர். ஹீரோக்களை மட்டும் பொறுக்கி வெள்ளைத் தட்டில் அடுக்கினாள். வால்நட்டுகளை நல்ல பக்கம் மேலே தெரியும்படி நிமிர்த்தி வைத்தாள். கோணல், குட்டை, கருத்தது எல்லாவற்றையும் தட்டத்தோடு ஓவனுக்குள் ஒளித்தாள். அடுத்து அந்தக் கை என்ன செய்தது என்பதை அவள் பார்க்கவில்லை. காது வாசலில் இருந்தது. மாமியார் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் சமையலறைக்குள்ளேயே வந்து நின்றுவிட்டாள்.

"என்னம்மா, புகையில உக்கார வெச்சிருக்காங்க?"

மேஜையில் தட்டு வந்து உட்கார்ந்ததும் நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. கேரட் மினுங்கியது, பூசணி மினுங்கியது, வால்நட்டுகள் பாலீஷ் போட்ட மாதிரி மினுங்கின. "பத்திரிகையில வர்ற மாதிரி இருக்கு," என்று மனசில்லாமல் சொன்னாள். மேக்கப்புக்குத் தலைகால் புரியவில்லை. நாத்தனார் கரண்டியை எடுத்து, "முதல்ல அம்மாவுக்கு," என்றாள்.

"நானே எடுத்துக்கறேன்," என்று மாமியார் தட்டை இழுத்தாள். தட்டு மேஜை விளிம்புக்கு வந்தது. விளிம்பைத் தாண்டியது. தரையில் விழுந்து உடைந்தது.

கோழியைக் கொண்டுவந்த புருஷன் அப்படியே நின்றான். நாத்தனார்தான் முதலில் பேசினாள். கிடைத்ததை விடுகிற ஆளா அவள்?

"பாத்தியா அண்ணா? ஒரு தட்டைப் பிடிக்க முடியல, கை நடுங்குது. இவங்களைப் பகல் பூரா தனியா விட்டுட்டு ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க. சாப்பாடெல்லாம் அப்புறம். இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்."

"ஆமா," என்றாள் மாமியார், யாரையும் பார்க்காமல். "நடுங்குது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறவள், ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவள், ஆமா என்றாள். மேக்கப்புக்கு ஆத்திரமாக வந்தது. துடைப்பம் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். அங்கே அடுப்பு மேடையில், மூடி இல்லாமல் நின்றுகொண்டிருந்தது ஸ்ப்ரே டப்பா.

அவள் திரும்பி வந்து தரையைப் பார்த்தாள். உடைந்த துண்டுகளுக்கு நடுவே கேரட் கண்ணாடி மாதிரி மின்னியது. எந்தத் தேனும் அப்படி மின்னாது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் தப்பிக்கும். அண்ணி அழகாகச் செய்திருந்தாள், அம்மாதான் கொட்டிவிட்டாள் என்று நாத்தனாரே ஊருக்குச் சொல்லுவாள். நாளைக்குச் செருப்பைக் கழற்றும்போது மட்டும் கூடத்திலிருந்து குரல் வராது.

"அத்தை கை நடுங்கல," என்றாள் மேக்கப். "அதுல நான் ஸ்ப்ரே அடிச்சுட்டேன். தலைக்கு அடிக்கிறது. பழக்க தோஷம், கை தானா அடிச்சிருச்சு. அத்தை பாத்துட்டாங்க. நீ அதை வாயில வெச்சிடக் கூடாது, நான் உன் முன்னாடி அசிங்கப்படக் கூடாதுன்னு வேணும்னே தள்ளிவிட்டாங்க."

நாத்தனார் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள். "நல்ல வேளை, பெயின்ட் அடிக்காம விட்டீங்களே. அண்ணா, கேட்டியா? இந்த வீட்டுலதான் அம்மா இருக்கணுமா?"

"இருக்கணும்," என்றாள் மேக்கப். குரல் உடைந்ததைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. "நான் சமைக்க லாயக்கில்லாதவதான். உனக்கு என்ன வேணுமோ சொல்லிச் சிரிச்சுக்க. ஆனா அத்தை எனக்கு வேணும். இங்கயே இருங்க அத்தை."

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் வாய் வாய்தான்.

"இதைச் சொல்றதுக்கு ஒரு தட்டு உடைய வேண்டியிருக்கு. சரி, அந்த நொண்டி மொண்டியெல்லாம் உள்ள ஒளிச்சு வெச்சியே, அது எங்க?"

ஓவனில் இருந்த தட்டத்தை மேக்கப் அப்படியே கொண்டுவந்து வைத்தாள். கருத்த ஓரங்கள், சுருங்கிய கேரட், அடியில் தேன் இறுகி ஒட்டிய வால்நட்டுகள். மாமியார் கரண்டியால் பூசணியை அமுக்கினாள். நசுங்கியது. வாயில் போட்டாள், இன்னொன்று போட்டாள். மென்றுகொண்டே மகளுக்கும் ஒன்றைத் தள்ளினாள்.

நாத்தனார் முகர்ந்து பார்த்தாள், சந்தேகத்தோடு கடித்தாள், பிறகு பேசாமல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சர்க்கரை கிடையாது, எண்ணெய் கிடையாது என்றிருந்த வாய் எவ்வளவு வேகமாக மெல்லும் என்பதை அன்றைக்குத்தான் மேக்கப் பார்த்தாள். கோழியைச் சீந்துவார் இல்லை.

"அம்மா, எங்க வீட்டுல உன்னை நல்லா பாத்துப்போம்மா," என்றாள் நாத்தனார், வாயில் கேரட்டோடு. குரலில் பழைய அதிகாரம் இல்லை.

"தெரியும்டி. உங்க வீட்டுல எல்லாரும் நல்லவங்க. அங்க வந்து நான் யாரைத் திட்டுவேன்?"

தட்டத்தின் மூலையில் ஒரே ஒரு வால்நட் மிச்சம் இருந்தது. நாத்தனார் கை நீட்டினாள். மாமியாரின் கரண்டி முந்திக்கொண்டது. அதைச் சுரண்டி எடுத்து, மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நீட்டி, மேக்கப்பின் வாயில் வைத்தாள். கை கொஞ்சமும் நடுங்கவில்லை.