இடப்பக்கத்துப் பட்டை

பொன்னுரங்கம் பாய்மரப் படகு வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது கள்ளக்குறிச்சியில் நம்பினவர்கள் குறைவு. கச்சிராயபாளையம் சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற மனிதர். கடலோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஏரியில் விடப்போகிறாரா என்று டீக்கடையில் கேட்டார்கள். அவர் சிரித்துவிட்டுப் போனார். துபாய்ப் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் பதினோரு வருஷம் பணக்காரர்களின் படகுகளை ரிப்பேர் செய்தவர் அவர். ஒன்றில்கூட ஏறிக் காற்றில் போனதில்லை. அந்த ஆசை ஊர் திரும்பிய பிறகும் அடங்கவில்லை. புதுச்சேரியிலிருந்து தன் நாட்டுக்குக் கிளம்பிய ஒரு வெளிநாட்டுக்காரரிடம் பதினெட்டு அடி நீளப் பைபர் படகு விலைக்கு வந்தது. இருபது வருஷப் பழசு. தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், வாங்கிவிட்டார்.

கடலூர் முதுநகருக்குப் பக்கத்தில் உப்பனாற்றில் அதைக் கட்டிவைத்தார். ராசு என்கிற மீனவர் ஒரு கண் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பொன்னுரங்கம் போய்விடுவார். போனதும் பாயை விரிக்க முடியாது. உப்புத் தண்ணீரில் ஒரு வாரம் கிடந்த படகில் எதையாவது உப்பு தின்றிருக்கும். அடியில் சிப்பி ஒட்டியிருக்கும், அதைச் சுரண்ட வேண்டும். கப்பிகளில் உப்புப் பூத்துச் சுற்றாமல் நிற்கும், நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். தண்ணீருக்குள் இருக்கிற இரும்புக்குப் பதிலாக அரிபடட்டும் என்று மாட்டிய துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருக்கும். நாலு மணி நேரம் வேலை பார்த்தால் இரண்டு மணி நேரம் காற்றில் போகலாம்.

அவரோடு எப்போதும் கூடப் போனவர் ஆதிமூலம். வெள்ளிமலைக்காரர், மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவர், பொன்னுரங்கத்தைவிட ஏழெட்டு வயது சின்னவர். ஜீப்புக்கு வெல்டிங் வைக்க வந்த இடத்தில் ஏற்பட்ட பழக்கம். நீச்சல் தெரியாது. ஆனால் சுக்கானைக் கையில் கொடுத்த மூன்றாவது ஞாயிறே, காற்று எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பதை அது திரும்புவதற்கு முன்பே சொன்னார். கொண்டை ஊசி வளைவுகளில் பழகிய கை அது. படகை வளைக்கும்போது துளி பதற்றமும் இல்லை. ஆதிமூலத்துக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது.

"எங்க மலையில பெய்யற தண்ணி கோமுகியில எறங்கி, மணிமுத்தாறு, வெள்ளாறுன்னு போயி பரங்கிப்பேட்டையிலதான் கடல்ல சேருதுங்கணா. அந்த எடத்தக் கடல்லேந்து ஒருவாட்டி பாக்கணும்."

தை மாதம் வாடைக்காற்று நிதானப்பட்டதும் போகலாம் என்று பொன்னுரங்கம் வாக்குக் கொடுத்தார்.

ஐப்பசியில்தான் அந்தக் கறையை அவர் முதலில் பார்த்தார்.

பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நிறுத்துகிற கம்பிகள் கீழே வந்து இரண்டு எவர்சில்வர் பட்டைகளில் மாட்டப்பட்டிருக்கும். அந்தப் பட்டைகள் மேல்தளத்தைத் துளைத்து உள்ளே இறங்கி, படகின் உடம்போடு மூன்று மூன்று போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கும். இடப்பக்கத்துப் பட்டை உள்ளே இறங்குகிற இடத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு செம்மண் நிறக் கோடு வழிந்திருந்தது. துணியால் துடைத்தார், போய்விட்டது. அடுத்த ஞாயிறு அதே இடத்தில் அதே நீளத்துக்கு இருந்தது.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று மற்றவர்கள் சொல்லலாம். பொன்னுரங்கம் சொல்ல முடியாது. காற்றுப்படாத இடுக்கில் உப்பு ஈரம் தேங்கினால் அந்த உலோகம் வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளுக்குள் அரித்துப் போகும் என்பதை அவர் துபாய்ப் பட்டறையில் பார்த்திருக்கிறார். அங்கே ஒரு படகின் பாய்மரம் நல்ல வெயிலில், நல்ல காற்றில் சாய்ந்து விழுந்ததையும் பார்த்திருக்கிறார். பட்டையைக் கழற்றிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அதற்கு உள்பக்கம் பைபர் பூசி மறைத்திருந்த பலகையை அறுக்க வேண்டும். அறுத்தால் படகு ஒரு மாதமாவது கரையில் ஏறி நிற்கும், தை போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதற்கும் அடியில் ஒரு காரணம் இருந்தது. அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பிறகு சும்மா இருக்க முடியாது.

கார்த்திகை பிறந்ததும் கோடு மெலிந்தது. மார்கழியில் சில ஞாயிறுகளில் தேடினாலும் தெரியவில்லை. இடுக்கில் தேங்கிய பழைய கறைதான் போலிருக்கிறது, அடைமழை கழுவிவிட்டது என்று பொன்னுரங்கம் நினைத்தார். நினைத்ததும் மனசு லேசானது. பொங்கலுக்கு மறுநாள் மற்ற சாமான்களைச் சரிபார்த்தபோது, அந்த இடப்பக்கத்துப் பட்டையில், பலகைக்கு வெளியே எட்டுகிற மேல் போல்ட் ஒன்றை மட்டும் கழற்றிப் புதிதாகப் போட்டார். பழசைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஊர் வந்தார். அதைப் பிறகு பார்க்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு பரங்கிப்பேட்டைக்குப் போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் மணலூர்பேட்டையிலிருந்து ஒரு விவசாயி கரும்பு பிழிகிற கிரஷரின் முறிந்த தண்டை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வெட்டின கரும்பு களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆதிமூலத்துக்குப் போன் செய்து அடுத்த வாரம் போகலாமா என்று கேட்டார். ஆதிமூலம் தயங்கினார். மனைவி பச்சையம்மாளும் வருவதாக இருந்தார், கடலூரில் உறவுக்காரர் வீட்டில் இருவரும் வந்து தங்கியாகிவிட்டது.

"காத்து பின்னால இருந்துதானே வருது, நானே ஓட்டிக்கினு போயிடுவேங்கணா. படக பரங்கிப்பேட்டையில கட்டிட்டு பஸ்ஸுல வந்துடறோம்."

 பொன்னுரங்கத்துக்குப் பட்டையைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் ஐப்பசியிலிருந்து ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். இரண்டு பேரும் மிதவைச் சட்டை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவர் ராசுவைக் கூப்பிட்டார். கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிறது, முகத்துவாரம் தாண்டித் தெற்கே திரும்பியதைப் பார்த்தேன் என்றார் ராசு. காற்று நேற்றைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி, பயப்படும்படி இல்லை என்றும் சொன்னார். பொன்னுரங்கம் வைக்கப்போகும்போது ராசு சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"போம்போதுகூட ஆதிமூலம் புளிய வச்சி தேச்சிட்டுதான் போனாரு. அந்த செவப்புக் கறைய வாராவாரம் தொடச்சிடறாரு. நீங்க பாத்தா வேல வச்சிக்கினு படக கரையில ஏத்திடுவீங்கன்னு பயம் அவருக்கு."

கார்த்திகையிலிருந்தா என்று பொன்னுரங்கம் கேட்டார். ஆமாம், நீங்கள் குடத்தில் நல்ல தண்ணீர் எடுக்கப் போகிற நேரத்தில் என்றார் ராசு.

போனை வைத்தபின் பட்டறையின் சத்தம் எதுவும் பொன்னுரங்கத்தின் காதில் விழவில்லை. சுவரில் தொங்கிய சாப்பாட்டுப் பையில் கையை விட்டுத் துழாவி அந்தப் போல்ட்டை எடுத்தார். தலைப்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. வைஸ் இடுக்கியில் பூட்டி சுத்தியலால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். நல்ல எவர்சில்வர் போல்ட் என்றால் வளையும், உடையாது. இது சாக்பீஸ் மாதிரி ஒடிந்து தரையில் விழுந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தார். உள்ளே பழுப்புத் தூள். நடுவில் பென்சில் முனை அளவுக்கு மட்டும் உலோகம் மின்னியது. மற்ற இரண்டு போல்ட்டும் பட்டையும் அதே இடுக்கில், இதைவிட ஆழத்தில் இருந்தன. வடகிழக்கிலிருந்து வீசுகிற வாடை, தெற்கே போகிற படகுக்குப் பின்னாலிருந்து இடப்பக்கமாகத்தான் விழும். பாயின் மொத்த இழுப்பும் இடப்பக்கத்துக் கம்பியில்தான்.

ஆதிமூலத்தின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. மறுபடியும் ராசுவைக் கூப்பிட்டு இன்ஜின் படகு எடுத்துக்கொண்டு பின்னால் போகச் சொன்னார். தன் படகின் இன்ஜின் பிரித்துக் கிடக்கிறது, மச்சான் படகு திரும்பட்டும் என்றார் ராசு. எப்போது திரும்பும் என்றதற்கு, வலை இழுத்து முடித்தால்தான் என்றார்.

காலைச் சாப்பாடு கொண்டுவந்த குஞ்சம்மாள், கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னா ஆச்சு என்று கேட்டார். சாமான் ஒன்று வாங்க விருத்தாசலம் போகிறேன் என்று பொய் சொன்னார் பொன்னுரங்கம். கிரஷர் தண்டு பாதி ஒட்டினபடி கிடந்தது.

பரங்கிப்பேட்டைக்கு விருத்தாசலத்தில் மாறித்தான் போக வேண்டும். அந்த பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. கரும்பு லோடு டிராக்டர்கள் வழியை அடைத்துக்கொண்டு போயின. ஜன்னலோரம் உட்கார்ந்து பொன்னுரங்கம் வேப்பமரங்களின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். இலை அசைகிறதா, எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது. உள்நாட்டில் இவ்வளவு என்றால் கடலில் இரண்டு மடங்கு. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போனை அமுக்கினார். பத்தரை மணிக்கு அவர்கள் பாதித் தூரம் தாண்டியிருப்பார்கள். பதினொன்று ஆகியும் எதுவும் நடக்காமலும் இருக்கலாம். இருபது வருஷம் தாங்கினது இன்னும் ஒரு மணி நேரம் தாங்காதா என்று நினைத்தார். அந்த நினைப்பு ஐப்பசியில் வந்த நினைப்புதான் என்று தெரிந்ததும் முன் சீட்டின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார்.

விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றுப் பாலத்தின் மேல் பஸ் ஏறியபோது போன் அடித்தது. ராசு.

"ஆளு ரெண்டு பேரும் கெடச்சிட்டாங்க. பாய்மரம் வுழுந்துடுச்சி. அக்காவுக்குத்தான் தோள்ல அடி. கடலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறோம்."

நடந்ததை அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஆதிமூலம் சொன்னார். சிரமமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். கடலைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று பச்சையம்மாள் கரை தெரிகிற பக்கமாக உட்கார்ந்திருந்தார். கரையிலிருந்து இரண்டு மைல் இருக்கும். பெரிய காற்றுகூட இல்லை. இடப்பக்கம் டப்பென்று ஒரு சத்தம், தேங்காய் உடைக்கிற மாதிரி. நிமிர்ந்து பார்ப்பதற்குள் பாய்மரம் கரைப்பக்கமாகச் சாய்ந்து பச்சையம்மாளின் இடது தோள்மேல் விழுந்து, அவரையும் இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனது. மிதவைச் சட்டை தூக்கியதால் தலை மேலே வந்தது. ஆதிமூலம் ஒரு கையால் மனைவியின் முடியையும் மறு கையால் படகையும் பிடித்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் கிடந்தார். வலையிழுத்துத் திரும்பிய ராசுவின் மச்சான்தான் கண்டார்.

"நான் தொடச்சேங்கணா, வாராவாரம் தொடச்சேன்" என்று சொல்லிவிட்டு ஆதிமூலம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பொன்னுரங்கமும் சொன்னார். ஐப்பசியிலிருந்து தனக்குத் தெரியும் என்பதையும், அறுத்துப் பார்க்காமல் விட்டதையும், முந்தின நாள் போனில் வாய் வரை வந்ததையும் சொன்னார். உள்ளே கதவு திறந்திருந்தது. கட்டுப்போட்டுக் கிடந்த பச்சையம்மாள் தூங்குகிறார் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அது கீழ குந்தினு போன எனக்குத்தான் தெரியல."

இருவரும் எழுந்து கதவருகே போனார்கள். அந்தப் பட்டையைக் கொண்டுவந்து தன்னிடம் காட்டச் சொன்னார் பச்சையம்மாள்.

மறுநாள், இழுத்துவந்து கரையில் சாய்த்திருந்த படகுக்குள் பொன்னுரங்கம் ரம்பத்தோடு இறங்கினார். பலகையை அறுத்தார். முறிந்த பட்டையின் அடிப்பாகம் கையோடு வந்தது. அதைச் செய்தித்தாளில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய்க் கட்டில்மேல் வைத்தார். பச்சையம்மாள் வலது கையால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழுப்புத் தூள் போர்வையில் உதிர்ந்தது.

"இத அறுத்து எடுக்க எம்மா நேரமாச்சி?"

பொன்னுரங்கம் ஆதிமூலத்தைப் பார்த்தார். ஆதிமூலம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருவது நிமிசம்" என்றார்.

பச்சையம்மாள் பட்டையைத் திரும்பக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்தொன்பது நாள் கழித்து ஆதிமூலமும் பச்சையம்மாளும் வெள்ளிமலைக்குப் போனார்கள். எலும்பு கூடியது. நரம்பு கூடவில்லை. இடது கை இடுப்புக்கு மேல் எழவில்லை. படகை இரண்டு பேர் விலைக்குக் கேட்டார்கள். பொன்னுரங்கம் கொடுக்காமல் கிரைண்டரால் துண்டு துண்டாக அறுத்தார். வலப்பக்கத்துப் பட்டையையும் அன்றுதான் வெளியே எடுத்துப் பார்த்தார். அதன்மேல் ஒருநாளும் கறை தெரிந்ததில்லை. அதுவும் பாதிக்குமேல் அரித்திருந்தது.

மாதம் ஒருமுறை அவர் மலைக்கு பஸ் ஏறுகிறார். ஆதிமூலம் ஜீப்பைப் பற்றியும் சாமை விளைச்சலைப் பற்றியும் பேசுவார், கடலைப் பற்றிப் பேசுவதில்லை. பச்சையம்மாள் ஒற்றைக் கையால் தட்டு வைத்து, வாங்க, சாப்புடுங்க என்பார். முன்பெல்லாம் அதோடு அண்ணா என்று ஒரு வார்த்தை சேர்ந்து வரும். இப்போது வருவதில்லை. பொன்னுரங்கம் தட்டில் வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்கு எழுந்துகொள்வார்.