நாற்பத்தொன்று முதல் ஐம்பத்திரண்டு வரை

அந்த ஞாயிறு காலை, முன்பு வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன ஆயாக்கொட்டகையில் இருந்தவர்கள்: வாசிப்பு இயக்கத் தலைவர் ராமையா, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பழைய கிராணி. செயலாளர் கணேசமூர்த்தி. தமிழ்ப்பள்ளி ஆசிரியை சாந்தி. கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்த காளியம்மா. அவள் மகள் பவானேஸ்வரி, இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு. இன்னும் பதினாறு பெற்றோர். ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள்.

அலமாரி பூட்டியிருந்தது. இரண்டு வருஷமாக அப்படித்தான். சனிக்கிழமை நாலு மணிக்குத் திறப்பதாகச் சுவரில் எழுதியிருந்தது. சாவி ராமையாவின் மோட்டார் சாவியோடு கோர்த்துக் கிடந்தது. சனிக்கிழமைதோறும் அவருக்குப் பக்கத்து ஊரான புலாவ் செபாங்கிலோ தம்பினிலோ யார் வீட்டிலாவது கல்யாணம் இருந்தது.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் புத்தகம்னாலே கசக்குது. யாரு தப்பு?" ராமையா பேசினார். "வீட்டுத் தப்பு. நீங்க டிவி முன்னால உக்காந்துக்கிட்டா பிள்ளை எங்கேருந்து படிக்கும்?"

காளியம்மாவுக்குக் கண் எரிந்தது. அவள் மகள் சமையலறைத் தட்டில் விரித்த பழைய பேப்பரை, டின்களை நகர்த்தி நகர்த்திப் படிப்பவள். உப்பு டின்னுக்கு அடியில் இருந்த செய்தியின் மீதி கிழிந்துபோயிருந்ததற்கு அழுதவள்.

அடுத்த ஞாயிறு மாவட்ட அதிகாரி வருகிறார். 'என் பிள்ளையை வீட்டில் வாசிக்க ஊக்குவிப்பேன்' என்ற தாளில் அதற்குள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"அன்னைக்கு முதல் பரிசு, ஒரு பிளாஸ்க், நம்ம பவானேஸ்வரிக்கு," என்றார் ராமையா. "ஒரே வருஷத்துல பன்னெண்டு புத்தகம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சிருக்கு. கைதட்டுங்க."

தட்டினார்கள். காளியம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்படி படிச்ச நீ?"

"முதுகுல இருக்கிற பேர மட்டுந்தாம்மா. கண்ணாடி வழியா."

காளியம்மா எழுந்தாள். "கணேசு, புத்தகம் எடுத்தவங்க பேரு எழுதுற அந்த நோட்டக் கொண்டா."

நாற்பத்தொன்றாம் எண் புத்தகத்திலிருந்து ஐம்பத்திரண்டு வரை ஒரே நீலப் பேனா, ஒரே கை. எடுத்தவர் பெயர் பவானேஸ்வரி. பக்கத்தில் அவள் போட்டதுபோல ஒரு கையெழுத்துக்கூட இருந்தது.

"இத யாரு போட்டா?"

கணேசமூர்த்தி காதைச் சொறிந்தான். "ரெக்கார்டுக்குத்தான்லா, அக்கா. நோட்டு காலியா இருந்தா அடுத்த வருஷம் புத்தகம் தர மாட்டாங்க."

"ஏன்லா காளி," பின்னால் பெற்றோர்களோடு இருந்த பெரியநாயகி குரல் கொடுத்தாள், "சும்மா பிளாஸ்க் தர்றாங்க. வாங்கிட்டுப் போயேன்!"

சிரிப்பு எழுந்தது. காளியம்மா ராமையாவின் பக்கம் திரும்பினாள்.

"படிக்காத பிள்ளைக்குப் பரிசு. படிக்க விடாதவங்க மேடையில. திட்டு மட்டும் எங்களுக்கு. இல்லீங்களா கிராணி ஐயா?"

"வாய அளந்து பேசு. சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் வச்ச புத்தகம் அதெல்லாம். மீன் கழுவுற வீட்டுக்குள்ள கொடுத்து அனுப்பச் சொல்றியா?"

"அப்ப சாமிக்குப் படிக்கத் தெரியும். எம்மவளுக்குத்தான் தெரியாது." காளியம்மா நோட்டை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "எடுத்த நாள் எழுதியிருக்கு. திருப்பிக் கொடுத்த நாள் எழுதல. உங்க கணக்குப்படி பன்னெண்டும் எங்க வீட்டுலதான் இருக்கணும். இப்பவே கொடுத்து அனுப்புங்க, நான் கையெழுத்துப் போடறேன். இல்ல, நோட்டு பொய்னா, அதையும் எம்மவளே அதிகாரிகிட்ட சொல்லட்டும்."

ராமையா சாந்தியைப் பார்த்தார்.

"தொறந்து விடுங்க சார்," என்றாள் சாந்தி, தரையைப் பார்த்தபடி. இதைச் சொல்ல இவளுக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது என்று காளியம்மா நினைத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

பூட்டு துருவேறியிருந்தது. கதவு திறந்ததும் பாச்சை உருண்டை வாடையும் காய்ந்த சந்தன வாடையும் வந்தன. பவானேஸ்வரி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எண்ணைத் தேடாமலே நாற்பத்தொன்றை உருவினாள். அது பச்சைப் புத்தகம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். முதுகு மட்டும்தான் பச்சை. முன்னட்டை மஞ்சள், அதில் ஒரு படகு.

பன்னிரண்டையும் எடுத்த பிறகு தட்டில் பெரிய இடைவெளி தெரிந்தது.

"பல்லு விழுந்த மாதிரி இருக்கே," என்றார் ராமையா. "அதிகாரி பாத்தா என்ன நெனப்பாரு?"

"யாரோ படிக்கிறாங்கன்னு நெனப்பாரு," என்றாள் காளியம்மா.

தாளில் கையெழுத்துப் போட்டாள். மற்றவர்கள் போட்டுவிட்டு முன்னால் போய்விட்டிருந்தார்கள். தாயும் மகளும் ஆளுக்கு ஆறு புத்தகமாகச் சுமந்து கடைசியாக வெளியே வந்தார்கள்.

திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டார்கள். பந்து தன்பாட்டுக்கு உருண்டது.

"அக்கா! வீட்டுக்கு எடுக்கலாமா? எங்களுக்கும் கொடுப்பாங்களா?"

எட்டுப் பத்துப் பேர் கொட்டகையை நோக்கி ஓடி வந்தார்கள். காளியம்மா பதில் சொல்லத் திரும்பினாள். அவர்கள் படியேறுவதற்குள் ராமையா வெளியே வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.